கேட்டதும் சொன்னதும்: அவுஸ்திரேலிய உதைபந்தாட்டத்தின் ஒக்டோபர் கொடுக்கல் வாங்கல்

செப்டெம்பர் கடைசிச் சனிக்கிழமை மெல்பேர்ணில் இறுதிப் போட்டி முடிந்த பிறகு, அங்குள்ள உறவினர்கள் மலையகத்து வீடுகளுக்கு எடுக்கும் தொலைபேசி அழைப்புகளில் சுகம் விசாரித்த கையோடு வருவது வீரர் பரிமாற்றக் கதைதான் போலும். இம்முறை இப்பகுதிக்கு வந்த கடிதங்களில் ஒரு கட்டு முழுவதும், நீள்வட்ட மைதானத்தில் அணிக்குப் பதினெட்டுப் பேர் ஆடும் அந்த நாட்டுக்கே உரிய உதைபந்தாட்டத்தைப் பற்றியதாக இருந்தது. ஒன்றையொன்று தொடரும் கேள்விகள் என்பதால் அவற்றைச் சேர்த்தே எடுத்துக்கொள்கிறேன்.

மெல்பேர்ணில் படிக்கும் என் தம்பியின் மகன் கொலிங்வூட் கழகத்தின் தீவிர ஆதரவாளன். 2020 இல் தன் கழகம் நல்ல வீரர் ஒருவரை இன்னொரு கழகத்துக்குக் கொடுத்ததோடு, அவருடைய சம்பளத்திலும் ஒரு பங்கைத் தானே கட்டியது என்று இன்றைக்கும் சொல்லிச் சொல்லி மனம் வருந்துகிறான். மாட்டை விற்றவன் புண்ணாக்குக்கும் பணம் கொடுப்பானா? இது என்ன வியாபாரம்?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், பண்டாரவளை

ஐயா, உங்கள் பெறாமகன் சொல்வது அடம் ட்ரெலோர் என்ற வீரரைப் பற்றி. 2025 வரை ஒப்பந்தம் இருந்தும், போக மனமில்லாமலும் இருந்த அவரை, 2020 நவம்பரில் பரிமாற்றக் காலத்தின் கடைசி நேரத்தில் கொலிங்வூட் வெஸ்டர்ன் புல்டோக்ஸ் கழகத்துக்கு அனுப்பியது; சம்பளத்தில் ஒரு பகுதியைத் தொடர்ந்து செலுத்தவும் ஒப்புக்கொண்டது. அதே பரிமாற்றக் காலத்தில் ஜெய்டன் ஸ்டீவன்சன், டொம் பிலிப்ஸ் என்ற வேறு இரு வீரர்களையும் அது வெளியே அனுப்பியது.

மாட்டு வியாபாரமாகப் பார்த்தால் இது விளங்காது. ஏனென்றால் இந்த விளையாட்டில் வீரருக்கு விலை என்ற ஒன்றே கிடையாது. ஐரோப்பிய உதைபந்தாட்டத்தில் ஒரு கழகம் மற்றக் கழகத்துக்குக் கோடிக்கணக்கில் பணம் கொடுத்து ஒருவரை அழைத்துக்கொள்வது போல இங்கே செய்ய முடியாது. வீரருக்குப் பதில் வீரரைக் கொடுக்கலாம். அல்லது பள்ளிப் பருவத்தை முடித்து வரும் இளைஞர்களைக் கழகங்கள் முறைவைத்துத் தெரிவு செய்யும் டிராஃப்ட் வரிசையில் தமக்குள்ள ஓர் இடத்தைக் கொடுக்கலாம். இந்த இரண்டுக்கும் பின்னால் மூன்றாவது பொருள் ஒன்று மறைந்து நிற்கிறது: சம்பள உச்சவரம்புக்குள் மீந்திருக்கும் இடம். ஒரு கழகம் தன் வீரர்கள் அனைவருக்குமாக ஓராண்டில் கொடுக்கக்கூடிய மொத்தத் தொகைக்கு எல்லை உண்டு. அந்த எல்லை நிரம்பிவிட்டால் வங்கியில் எவ்வளவு பணம் இருந்தாலும் பயனில்லை.

கொலிங்வூட்டுக்கு நேர்ந்தது இதுதான். அணி வலுவாக இருந்தபோது எவரையும் இழக்க மனமில்லாமல், முதல் ஆண்டுகளில் குறைவாகவும் பின் ஆண்டுகளில் கூடுதலாகவும் கொடுக்கும் வகையில் அந்தக் கழகம் ஒப்பந்தங்களை எழுதியது. கடையில் பற்று எழுதி வாங்கியவருக்கு மாதக் கடைசியில் நேர்வதுதான் அதற்கும் நேர்ந்தது. ஒத்திப்போட்ட தொகைகள் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து வாசலில் நின்றன. முழுச் சம்பளத்தையும் உச்சவரம்புக்குள் சுமப்பதைவிட, ஒரு பங்கை மட்டும் சுமந்துகொண்டு மீதியை இன்னொரு கழகத்தின் கணக்குக்கு மாற்றுவது அதற்கு இலாபமாகத் தெரிந்தது. பாடம் படித்துவிட்டார்களா என்றால், 2020 இல் ஏழு ஆண்டு ஒப்பந்தம் கொடுத்த புரோடி கிரண்டியையும் 2022 இல் இதே முறையில், சம்பளத்தின் ஒரு பங்கைக் கட்டிக்கொண்டு, மெல்பேர்ண் கழகத்துக்கு அனுப்பினார்கள்! ஆனால் அடுத்த ஆண்டே, 2023 இல், கொலிங்வூட் சம்பியன் ஆனது. ட்ரெலோரோ 2024 இல், அந்தப் பருவத்தின் தலைசிறந்த வீரர்களைக் கொண்டு தெரிவாகும் அவுஸ்திரேலிய அணியில் முதன்முறையாக இடம்பெற்றார். ஆகவே உங்கள் பெறாமகனின் வருத்தமும் நியாயம், கழகத்தின் கணக்கும் பொய்யில்லை. ஒப்பந்தம் உள்ள ஒருவரிடம் அவ்வளவு காலந்தாழ்த்தி, அவ்வளவு அவசரமாகப் பேசியதை மட்டும் என்னால் நியாயப்படுத்த முடியவில்லை.

பணம் உள்ள கழகம் கூடுதலாகக் கொடுத்தால் யாருக்கு என்ன நட்டம்? மறைத்துக் கொடுத்தால் அகப்படுவார்களா?
— கடை உரிமையாளர், ஹட்டன்

நட்டம் பணமில்லாத கழகத்துக்கு, அதன் வழியாகப் போட்டிக்கு. யார் வெல்வார் என்பது முன்கூட்டியே தெரிந்துவிட்டால் மைதானத்துக்குக் கூட்டம் வராது. இந்த அச்சம் புதியதன்று. இன்றைய அவுஸ்திரேலிய உதைபந்தாட்ட லீக்கின் முன்னோடியான விக்டோரியா உதைபந்தாட்ட லீக், 1930 இலேயே ஒரு வீரருக்கு ஒரு போட்டிக்கு 3 பவுணுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று விதி செய்தது. அதை முன்மொழிந்த பிரதிநிதியின் பெயரால் கோல்டர் சட்டம் என்று அழைத்தார்கள். சட்டம் பல ஆண்டுகள் ஏட்டில் இருந்தது. மேசைக்குக் கீழே வேறு கணக்கும் இருந்தது. ஒரே பருவத்தில் நூற்றுக்கு மேற்பட்ட கோல்கள் அடித்த கொலிங்வூட் வீரர் ரொன் டொட், 1940 இல், கூடுதல் பணம் தர முன்வந்த, லீக்குக்குப் போட்டியாக இயங்கிய இன்னொரு சங்கத்தின் கழகமான வில்லியம்ஸ்டவுனுக்குப் போயே விட்டார்.

இப்போதுள்ள உச்சவரம்பு முறை 1980களின் நடுப்பகுதியில் வந்தது. 1987 இல் ஒரு கழகத்துக்கான எல்லை 1.25 மில்லியன் அவுஸ்திரேலிய டொலர். 2022 இல் அது ஏறக்குறைய 13.5 மில்லியன் டொலர். வெளியில் பலர் அறியாத ஒரு விடயத்தையும் சொல்ல வேண்டும்: மேல் எல்லை இருப்பது போலக் கீழ் எல்லையும் உண்டு. உச்சவரம்பில் குறைந்தது 95 வீதத்தைக் கழகம் செலவழித்தே ஆக வேண்டும். கஞ்சத்தனம் பண்ணி இளைஞர்களை மட்டும் வைத்துக்கொண்டு பருவத்தை ஓட்டிவிடலாம் என்று எவரும் நினைக்க இடமில்லை.

அகப்படுவார்களா என்று கேட்டீர்கள். 2002 ஆம் ஆண்டின் கார்ல்டன் கழகத்தைப் பாருங்கள். லீக்கின் மிகப் பழைய, செல்வாக்கு மிக்க கழகங்களில் ஒன்றான அது, தன் வரலாற்றில் முதன்முறையாக அந்த ஆண்டு கடைசி இடத்துக்கு வந்தது. கடைசியாக வருபவருக்கு டிராஃப்டில் முதல் வாய்ப்பு என்பதால், விழுந்தாலும் எழுந்துவிடலாம் என்ற நம்பிக்கை ஒன்றே மிச்சமிருந்தது. அந்த நேரத்தில்தான் வீரர்களுக்கு மறைவாகக் கொடுத்த தொகைகள் வெளியே வந்தன. தண்டப்பணம் 930,000 டொலர். அதைவிடக் கொடிய தண்டனை, அந்த ஆண்டின் முதலாம், இரண்டாம் தெரிவு வாய்ப்புகள் பறிக்கப்பட்டமை. பணத்தை ஆதரவாளர்களிடம் திரட்டிக் கட்டிவிடலாம். பறிபோன இரண்டு இளைஞர்களை எங்கிருந்து திரட்டுவது? கார்ல்டன் மீண்டு எழப் பல ஆண்டுகள் சென்றதற்கு, என் கணிப்பில், அந்தத் தண்டனை பெரிய காரணம்.

பத்து ஆண்டுகளின் பின் அடிலெய்ட் கழகமும் அகப்பட்டது. கேர்ட் டிப்பெட் என்ற வீரரோடு, ஒப்பந்தம் முடியும்போது அவர் விரும்பும் கழகத்துக்குக் குறைந்த ஈட்டுக்கு அனுப்புவதாக இரகசிய உடன்பாடு ஒன்றை எழுதி வைத்திருந்தார்கள். 2012 இல் அது தெரியவந்தபோது கழகத்துக்கு 300,000 டொலர் தண்டப்பணமும் தெரிவு வாய்ப்புகளின் இழப்பும், வீரருக்குப் பதினொரு போட்டிகளுக்குத் தடையும் கிடைத்தன. எழுதி வைத்த கடிதம்தான் அவர்களைக் காட்டிக்கொடுத்தது என்பதை உங்கள் தொழிலில் உள்ளவர்கள் இரசிப்பீர்கள்.

இந்த எல்லையை யார் தீர்மானிக்கிறார்கள்? வீரர்களிடம் ஒரு வார்த்தை கேட்பதுண்டா?
— தொழிற்சங்கத் தோட்டக் கமிட்டி உறுப்பினர், தலவாக்கலை

கேட்பது மட்டுமல்ல, அவர்கள் கையொப்பம் இல்லாமல் அது நடவாது. முதலாளிமார் சம்மேளனத்துக்கும் தொழிற்சங்கங்களுக்கும் இடையிலான கூட்டு ஒப்பந்தத்தோடு நீண்ட காலம் வாழ்ந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை: அங்கேயும் லீக் நிர்வாகமும் வீரர் சங்கமும் மேசைக்கு இரு புறமும் அமர்ந்து கூட்டு ஒப்பந்தம் செய்கின்றன. 2023 இல் கைச்சாத்தான ஒப்பந்தம் ஐந்து ஆண்டுகளுக்கானது, மொத்தப் பெறுமதி 2.2 பில்லியன் டொலர். அதற்கு முன், 2017 ஆம் ஆண்டுப் பேச்சுவார்த்தையில் வீரர்கள் பிடிவாதமாக நின்றது ஒரு தொகைக்காக அன்று. லீக்கின் வருமானத்தில் தமக்கென ஒரு பங்கு வேண்டும் என்பதற்காக. தொலைக்காட்சி உரிமை விற்பனையால் வருமானம் பெருகும்போது சம்பளமும் தானாகப் பெருக வேண்டும் என்பது அவர்கள் வாதம். அது பெருமளவு ஏற்கப்பட்டது. நாட்சம்பளத்துக்கு ஒவ்வொரு முறையும் புதிதாகப் போராட வேண்டியிருக்கும் நமது நிலைமையோடு இதை ஒப்பிட்டு, வருமானப் பங்கு என்ற கோரிக்கையை நமது பேச்சுவார்த்தைகளில் எவ்வளவு தூரம் முன்வைத்தோம் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். மில்லியன் டொலர் வாங்குபவருக்கும் கொழுந்து பறிப்பவருக்கும் சமன்பாடு போடுவது அபத்தம் என்பதை அறிவேன். கேட்கும் முறையைத்தான் சொல்கிறேன்.

விருப்பமில்லாத வீரரைக் கழகம் விற்றுவிட முடியுமா? அடிமைமுறை போல இருக்கிறதே!
— உயர்தர வகுப்பு மாணவர், மஸ்கெலியா

தம்பி, இன்றைய விதிப்படி முடியாது. ஒப்பந்தம் உள்ள வீரரை அவருடைய கையெழுத்தின்றி வேறு கழகத்துக்கு மாற்ற இயலாது. அமெரிக்கத் தொழில்முறை விளையாட்டுகளில் பெரும்பாலும் இந்தப் பாதுகாப்பு இல்லை. மேலே சொன்ன ட்ரெலோரும் இறுதியில் கையெழுத்திட்டுத்தான் போனார். விரும்பாதவரின் கையெழுத்தை எப்படிப் பெறுகிறார்கள் என்று கேட்டால், "உமக்கு இங்கே இடமில்லை" என்று முகத்துக்கு நேரே சொன்ன பிறகு எவருக்குத்தான் அங்கே ஆட மனம் வரும்?

ஆனால் நீர் கேட்ட கேள்வி பழைய காலத்துக்கு மிகப் பொருந்தும். அப்போது ஒரு வீரர் எந்தக் கழகத்துக்கு உரியவர் என்பதை அவர் குடியிருந்த பகுதியே தீர்மானித்தது. வேறு கழகத்துக்குப் போக வேண்டுமானால் பழைய கழகம் விடுவிப்புப் பத்திரம் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் வீட்டில் இருக்க வேண்டியதுதான். நமது மூதாதையர் காலத்துத் துண்டு முறை நினைவுக்கு வருகிறதல்லவா? கடன் தீர்க்கப்படும் என்ற உறுதியோடு கங்காணியின் கையிலிருந்து துண்டு கிடைத்தாலன்றித் தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்தில் பெயர் பதிய முடியாதிருந்தது; 1921 இல் தான் அது சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அங்கே பசியும் கடனும் இருந்தன, இங்கே இல்லை. இருந்தாலும் போகும் உரிமை போகிறவரிடம் இல்லாமல் விடுபவரிடம் இருந்தது என்ற அளவில் இரண்டும் ஒரே இனம்.

அந்தப் பூட்டு 1972 இல் ஒரு முறை இலேசாகத் திறந்தது: ஒரே கழகத்தில் பத்து ஆண்டுகள் ஆடியவர் விடுவிப்பின்றிப் போகலாம் என்றார்கள். நோர்த் மெல்பேர்ண் கழகம் உடனே டக் வேட், பெரி டேவிஸ், ஜோன் ரன்டல் ஆகிய மூவரையும் வளைத்துப்போட்டது. மற்றவர்கள் விழித்துக்கொண்டு 1973 இல் விதியை நீக்கினார்கள். ஆனால் 1925 இல் லீக்கில் சேர்ந்தது முதல் ஒரு பட்டமும் காணாத நோர்த் மெல்பேர்ண் 1975 இல் முதல் பட்டத்தை வென்றுவிட்டது. பூட்டை உடைத்தவர் சில்வியோ பொஸ்கினி என்ற இளைஞர். அவருடைய சவுத் மெல்பேர்ண் கழகம் 1982 இல் சிட்னிக்குக் குடிபெயர்ந்தது. அவர் மெல்பேர்ணிலேயே இருந்து சென் கில்டாவுக்கு ஆட விரும்பினார். விடுவிப்பு மறுக்கப்பட்டதும் நீதிமன்றம் போனார். 1983 இல் விக்டோரியா மாநில உயர் நீதிமன்றம், லீக்கின் அந்த விதிகள் ஒருவர் தொழில் செய்யும் உரிமையை நியாயமின்றித் தடுப்பவை என்று தீர்ப்பளித்தது. பழைய முறை செல்லாது என்றானபின் புதிதாக ஏதாவது வேண்டியிருந்தது. உச்சவரம்பும், 1986 இல் தொடங்கிய தேசிய டிராஃப்டும் அந்த வெற்றிடத்தில்தான் முளைத்தன.

2012 முதல் இன்னொரு வாசலும் உண்டு. எட்டு ஆண்டுகள் ஒரே கழகத்தில் ஆடி ஒப்பந்தம் முடிந்தவர், தானாக வேறு கழகத்தைத் தெரிவு செய்யலாம். ஆனால் அவர் கழகத்தின் உயர்சம்பளக்காரர்களில் ஒருவராக இருந்தால், புதிய கழகம் தரும் அதே தொகையைத் தானும் தருவதாகச் சொல்லிப் பழைய கழகம் மறிக்க முடியும். 2020 இல் ஜெரமி கமரன் ஜீலோங் கழகத்துக்குப் போகப் புறப்பட்டபோது, அவருடைய கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னி கழகம் அப்படித்தான் மறித்தது. மறித்தது வைத்துக்கொள்வதற்காக அன்று. இலவசமாகப் போகவிடாமல் மூன்று முதற்சுற்றுத் தெரிவு வாய்ப்புகளை வாங்கிக்கொள்வதற்காக.

ஐபிஎல் ஏலம் போல நடத்திவிட்டால் எல்லாம் வெளிப்படையாக இருக்குமே? டிராஃப்ட் வாய்ப்பைக் கைமாற்றுவது எனக்கு விளங்கவேயில்லை.
— கிரிக்கெட் இரசிகர், கண்டி

ஐபிஎல்லிலும் உச்சவரம்பு உண்டு: 2025 பருவத்துக்கு ஒவ்வோர் அணியும் தன் வீரர்களுக்காகச் செலவிடக்கூடிய மொத்தத் தொகை 120 கோடி இந்திய ரூபா, அதில் 27 கோடியை லக்னோ அணி ரிஷப் பந்த் ஒருவருக்கே கொடுத்தது. ஏலத்தில் தொகை எல்லோர் முன்னிலையிலும் தெரிகிறது என்பது உண்மைதான். ஆனால் அங்கே வீரர் இரண்டு மாத ஆட்டத்துக்காக ஏலம் போகிறார். இங்கே ஊர் மாறி, பிள்ளைகளின் பள்ளி மாற்றி, பத்து ஆண்டுகள் வாழப்போகிறார். அதை ஒரு சுத்தியல் தட்டில் முடிப்பதை அந்த நாட்டு வீரர்கள் ஏற்கமாட்டார்கள்.

டிராஃப்ட் வாய்ப்பை விளங்கிக்கொள்ள, வீடுகளில் நாம் போடும் சீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குப் பத்தாவது மாதம், பக்கத்து வீட்டாருக்கு இரண்டாவது மாதம். உங்கள் மகளுக்கு இந்த மாதம் கல்யாணம், அவருக்கு அவசரமில்லை. ஏதோ ஒன்றைக் கூட்டிக்கொடுத்து முறையை மாற்றிக்கொள்கிறீர்கள். கழகங்கள் செய்வதும் இதுவே. கடைசியில் வந்த அணிக்கு முதல் முறை. சம்பியனுக்குச் சுற்றின் கடைசி முறை. வெற்றிக்கு அருகில் உள்ள கழகம் வருங்கால முறைகளைக் கொடுத்து இன்றே ஆடக்கூடியவரை வாங்கும். கீழே கிடக்கும் கழகம் இன்றைய வீரரைக் கொடுத்து நாளைய முறைகளைச் சேர்க்கும். 2015 முதல் அடுத்த ஆண்டின் முறையையும் கைமாற்றலாம்.

நல்ல உதாரணம் கிறிஸ் ஜட். 2007 இல் அவர் சொந்த ஊரான மெல்பேர்ணுக்குத் திரும்ப விரும்பியபோது, வெஸ்ட் கோஸ்ட் கழகம் கார்ல்டனிடமிருந்து மூன்றாம், இருபதாம் தெரிவு வாய்ப்புகளையும் ஜொஷ் கென்னடி என்ற இளம் வீரரையும் பெற்றது. ஜட் 2010 இல் லீக்கின் சிறந்த வீரருக்கான பிரவுன்லோ பதக்கம் வென்றார். கார்ல்டனுக்குப் பட்டம் கிடைக்கவில்லை. கென்னடி வெஸ்ட் கோஸ்டின் வரலாற்றில் அதிக கோல்கள் அடித்தவரானார். 2018 சம்பியன் அணியிலும் இருந்தார். பெரிய பெயரைக் கொடுத்தவர்தான் இறுதியில் அதிகம் பெற்றார் என்பது என் எண்ணம். கார்ல்டன் ஆதரவாளர்கள் சண்டைக்கு வரக்கூடும்.

எனினும் என்னை அதிகம் வியக்க வைத்தது 2022 ஆம் ஆண்டுக் கதை. கோல்ட் கோஸ்ட் கழகத்துக்கு உச்சவரம்பு நெருக்கடி. ஜக் போவ்ஸ் என்ற வீரருக்குப் பின் ஆண்டுகளில் குவிந்துகிடந்த சம்பளத்தைத் தலையிலிருந்து இறக்கினால் போதும் என்றிருந்தது. அவரை எடுத்துக்கொள்பவருக்கு ஏழாம் தெரிவு வாய்ப்பையும் சும்மா தருவதாகச் சொன்னார்கள். எடுத்துக்கொண்டவர் யார்? சில வாரங்களுக்கு முன்புதான் சம்பியனான ஜீலோங்! பதிலுக்குக் கொடுத்தது அடுத்த ஆண்டின் மூன்றாம் சுற்று வாய்ப்பு ஒன்று மட்டுமே. போவ்ஸுக்கு வரவேண்டிய தொகையை நான்கு ஆண்டுகளுக்குப் பரப்பி எழுதித் தம் கணக்கைக் காத்துக்கொண்டார்கள். பலவீனமான கழகங்களைத் தூக்கிவிட ஏற்படுத்திய வரிசையில், முதலிடத்துக் கழகம் ஏழாவதாக வந்து நின்றது. இதில் விதிமீறல் எதுவும் இல்லை. இடம் வைத்திருந்தவருக்கு இடமில்லாதவர் கொடுத்த கூலி அது.

சிட்னிக் கழகத்துக்கு மட்டும் வாழ்க்கைச் செலவுப்படி கொடுத்தார்களாமே? உண்மையா?
— அரசாங்க ஊழியர், நுவரெலியா

உண்மை, ஆனால் ஒரு கழகத்துக்கு மட்டுமன்று. சிட்னியில் வீட்டு வாடகை அதிகம் என்று சொல்லி, அங்குள்ள சிட்னி, கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னி ஆகிய இரு கழகங்களின் உச்சவரம்பைப் பத்து வீதத்துக்குச் சற்றுக் குறைவாக உயர்த்தியிருந்தார்கள். 2012 இல் சிட்னி சம்பியனானது. டிப்பெட்டும் அங்கே வந்து சேர்ந்தார். 2013 இல் லான்ஸ் பிராங்ளின் என்ற பெரும் கோல் வீரரை ஒன்பது ஆண்டுகளுக்குச் சுமார் 10 மில்லியன் டொலருக்கு அது அழைத்துக்கொண்டதும் மற்றக் கழகங்கள் பொங்கி எழுந்தன. அந்தப் படி படிப்படியாக நிறுத்தப்பட்டு, சம்பளம் குறைந்த வீரர்களுக்கு வாடகை உதவியாகச் சுருங்கியது. வேடிக்கை என்னவென்றால், பிராங்ளின் இருந்த காலத்தில் சிட்னி 2014, 2016, 2022 ஆகிய மூன்று இறுதிப் போட்டிகளிலும் தோற்றது; அவர் விட்டு வந்த ஹோதோர்ன் 2014 இலும் 2015 இலும் வென்றது. ஆயினும் 2022 மார்ச்சில் அவர் ஆயிரமாவது கோலை அடித்தபோது சிட்னி மைதானத்துக்குள் ஆயிரக்கணக்கானோர் ஓடிவந்த காட்சியைப் பார்த்த எவரும், அந்தப் பணம் வீண் என்று சொல்லத் தயங்குவார்கள்.

பெண்கள் இந்த விளையாட்டை ஆடுவதில்லையா? அவர்களுக்கும் உச்சவரம்பு உண்டா?
— பாடசாலை வலைப்பந்து அணித் தலைவி, வெலிமடை

ஆடுகிறார்கள், தங்கைச்சி. தேசியப் பெண்கள் லீக் 2017 இல் எட்டு அணிகளோடு தொடங்கியது. 2022 இல் பதினெட்டுக் கழகங்களுக்கும் பெண்கள் அணி வந்துவிட்டது. உச்சவரம்பும் பரிமாற்றமும் டிராஃப்டும் அவர்களுக்கும் உண்டு. 2023 ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில்தான் ஆண்கள், பெண்கள் இருபாலாரின் சம்பளமும் முதன்முறையாக ஒரே பத்திரத்தில் எழுதப்பட்டது. ஆனால் தொடக்க ஆண்டுகளில் அவர்களுடைய டிராஃப்ட் மாநில அடிப்படையிலேயே நடந்தது. வேலைக்கும் போய்க்கொண்டு பகுதிநேரமாக ஆடிய ஒருத்திக்கு, வேறு மாநிலத்துக்கு வீடு மாற்றுவதற்கு அந்தச் சம்பளம் போதாது.